ஐந்து லட்சம்: ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா?

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களைச் சேர்ந்த ஓய்வுபெற்றவர்களும், ஓய்வுபெறப் போகிறவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் உங்களில் பலரிடம் உட்கார்ந்து பேசினேன். "மருத்துவக் காப்பீடு இருக்கா?" என்று கேட்டால் வந்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான். "இருக்கு தாயி, அஞ்சு லட்சம்." ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரும் அதையே சொன்னார், ஆடு மேய்க்கிற பெரியவரும் அதையே சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் இரண்டும் வேறு வேறு ஐந்து லட்சம். இன்றைக்கு நான் பேச வந்தது முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

நம்ம ஊரில் "ரிட்டயர்டு" என்ற சொல் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. அரசு ஊழியருக்கு அது 60 வயது முடிகிற மாதத்தின் கடைசி நாள். பஞ்சாலையில் வேலை பார்த்தவருக்குக் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட்ட நாள். தறி ஓட்டுபவருக்குக் கண்ணும் முழங்காலும் ஒத்துழைக்காமல் போகிற நாள். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கிற அம்மாவுக்கோ, மிளகாய் பறிக்கிற அம்மாவுக்கோ அப்படி ஒரு நாளே கிடையாது. வயது மட்டும் ஏறிக்கொண்டே போகும். இந்த நான்கு பேருக்கும் அரசு மருத்துவக் காப்பீட்டுக்குள் வழி இருக்கிறது. ஆனால் நான்கு பேரும் ஒரே வாசல் வழியாக உள்ளே போக முடியாது.

முதலில் அரசு ஓய்வூதியர்கள். அரசுத் துறைகள், உள்ளாட்சிகள், பள்ளிகள் என்று பணியாற்றி மாதம் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். உங்களுக்கான திட்டத்தின் பெயர் ‘ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்’. 2014 ஜூலையில் தொடங்கியது. நான்கு நான்கு வருடமாகப் புதுப்பிக்கிறார்கள். அப்படி வந்த ஒன்றுதான் 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான தொகுப்பு. அதை நடத்தும் பொறுப்பு பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவுடையது. அந்தத் தொகுப்புக்கு ஓய்வூதியத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தம். உங்கள் ஓய்வூதிய விவரச் சீட்டை எடுத்துப் பாருங்கள், இருக்கும். களஞ்சியம் செயலி ஃபோனில் இருந்தால் அதிலேயே பார்க்கலாம்.

இந்தத் திட்டத்தில் ஐந்து லட்சம் என்பது நான்கு வருடத்துக்கும் சேர்த்து. அரசாணை சொல்வது இதுதான்: ஒரு குடும்பத்துக்கு, நான்கு ஆண்டு காலத்துக்கு, 5 லட்சம். புற்றுநோய், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை போல அரசாணையின் பட்டியலில் உள்ள சில பெரிய நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் மட்டும் 10 லட்சம் வரை போகலாம். ஒருவர் முதல் வருடமே இதய அறுவை சிகிச்சை செய்து மூன்று லட்சம் பயன்படுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இரண்டு லட்சத்தில்தான் அவரும் அவருடைய துணையும் மீதி மூன்று வருடத்தையும் ஓட்ட வேண்டும்.

கண்மாயைப் பார்த்து வளர்ந்த ஆட்கள் நாம், அதனால் இப்படிச் சொன்னால் எளிதாகப் புரியும். இது நான்கு வருடத்துக்கு ஒரு தடவை நிரம்புகிற கண்மாய். எந்த மடை வழியாக எவ்வளவு போயிருக்கிறது, உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பயிர் வைக்க முடியாது. அதனால் ஏற்கெனவே ஒரு தடவை சிகிச்சை எடுத்தவர்கள், அடுத்ததற்குத் தேதி குறிக்கும் முன்னால் "என் கணக்கில் மீதி எவ்வளவு?" என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. மாதம் 497 ரூபாய் கட்டுகிறவர்கள் நீங்கள். 48 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 23,856 ரூபாய்.

அடுத்தது, அட்டையில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. பணியில் இருந்தபோது உங்களுக்கு வேறு திட்டம். அதில் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. ஓய்வு பெற்றபின் வருகிற அட்டையில் ஓய்வூதியரும் அவருடைய கணவரோ மனைவியோ, அவ்வளவுதான். கல்லூரியில் படிக்கிற கடைசிப் பையனோ, வேலை தேடிக்கொண்டிருக்கிற மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், உங்களுக்குப் பணி நிறைவு விழா நடக்கிற அந்த மாதத்தோடு அவர்கள் காப்பீட்டிலிருந்து வெளியே போகிறார்கள். விழாவில் சால்வை போடுகிறார்கள், மோதிரம் போடுகிறார்கள், இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று யோசித்துவிட வேண்டும்.

இன்னொன்று கொஞ்சம் வருத்தமான விஷயம், ஆனால் பேசாமல் விட முடியாது. ஓய்வூதியர் இறந்துபோனால் துணைக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். அப்போது காப்பீடு அந்த அம்மாவின் பெயரில், குடும்ப ஓய்வூதியர் என்ற முறையில் தொடர வேண்டும். நம்ம பக்கம் பல வீடுகளில் கருவூலம், வங்கி, அட்டை எல்லாம் அய்யாதான் பார்ப்பார். அந்த அம்மாவுக்கு ஓய்வூதியப் புத்தக எண் தெரியாது, அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாது. துக்கம் விசாரிக்க வருகிற கூட்டத்துக்கு நடுவில் அவர் எதைத் தேடுவார்? அதனால் அய்யாமார்களுக்கு ஒரு கோரிக்கை. இன்றைக்கு ராத்திரியே அந்த அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து, வீட்டு அம்மாவின் ஃபோனிலும் பிள்ளைகளின் ஃபோனிலும் போட்டுவிடுங்கள். ஓய்வூதியப் புத்தக எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். அட்டையில் துணையின் பெயர், பிறந்த தேதி ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். ‘முத்துலட்சுமி’ ஒன்றில் ‘முத்துலெட்சுமி’ என்று இருந்தால் திருத்தவேண்டிய இடம் கருவூலம். சார்நிலைக் கருவூலத்துக்கு நல்ல உடம்போடு நடந்து போய்த் திருத்துவது வேறு, ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு திருத்துவது வேறு.

அதேபோல, ஆண்டு நேர்காணல் செய்யாமல் விட்டு ஓய்வூதியம் நின்றுபோனால் அதிலிருந்து போகிற காப்பீட்டுப் பிடித்தமும் நிற்கும். நேர்காணலை வெறும் "உசுரோட இருக்கேன்" என்று காட்டுகிற சடங்காக நினைக்காதீர்கள்.

அடுத்து பஞ்சாலைக்காரர்களுக்கு வருகிறேன். அருப்புக்கோட்டை நூற்பாலைகளில் ஷிப்டு பார்த்துத் தேய்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. வேலையில் இருக்கும்போது மாதாமாதம் இஎஸ்ஐ பிடித்தார்கள். ஓய்வு பெற்றதும் அந்த அட்டையை என்ன செய்தீர்கள்?

"அது முடிஞ்சு போச்சு"ன்னு பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. இஎஸ்ஐ மத்திய விதிகளில் ஓய்வுபெற்றவர்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது. குறைந்தது ஐந்து ஆண்டு காப்பீடு பெற்றவராக இருந்து, ஓய்வு வயதில் ஓய்வு பெற்றவரும், விருப்ப ஓய்வோ முன்கூட்டிய ஓய்வோ பெற்றவரும் தொடர்ந்து மருத்துவ வசதி பெறலாம். அவருக்கு மட்டுமில்லை, கணவர் அல்லது மனைவிக்கும் சேர்த்து. கட்டவேண்டிய தொகை மாதம் 10 ரூபாய். ஒரு வருடத்துக்கு 120 ரூபாயை முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும். ஆமாம், நூற்றி இருபது. நான் முதன்முதலில் இதைப் படித்தபோது ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மறுபடி படித்தேன்.

இதில் இருக்கிற பெரிய நன்மை, படுக்கையில் சேர்ந்தால்தான் என்ற நிபந்தனை இல்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்குகிற மாத்திரைக்கு இஎஸ்ஐ மருந்தகம் போகலாம். பெரிய சிகிச்சைக்கு மதுரையிலும் சிவகாசியிலும் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. பஞ்சு தூசியில் முப்பது வருடம் நின்ற நெஞ்சுக்கு வயதான காலத்தில் என்ன தேவைப்படும் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். நிர்வாகம் தருகிற சான்றில் நீங்கள் ‘ஓய்வு பெற்றார்’ என்று இருக்க வேண்டும். ‘வேலையை விட்டுச் சென்றார்’ என்று எழுதியிருந்தால் அது ஓய்வு ஆகாது. 55, 56 வயதில் உடம்பு முடியாமல் "கணக்கை முடிச்சுக் குடுங்க"ன்னு கேட்டு வாங்குகிறவர்கள், நீட்டிய தாளில் கையெழுத்துப் போடும் முன்னால் இந்த ஒரு சொல்லைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பணிக்கொடையையும் பி.எஃப். பணத்தையும் விசாரிக்கிற அளவுக்கு இந்தச் சொல்லையும் விசாரிக்க வேண்டும். பிறகு அந்தச் சான்று, இஎஸ்ஐ காப்பீட்டு எண், ஆதார், இவற்றோடு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். வருடம் முடிவதற்குள் அடுத்த 120 ரூபாயைக் கட்ட ஃபோனில் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளையிடம் சொன்னால் அரை நிமிடத்தில் வைத்துக் கொடுக்கும்.

மத்திய அரசு ஓய்வூதியர்களும் முன்னாள் ராணுவத்தினரும் இந்த வட்டாரத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு முறையே சிஜிஎச்எஸ், இசிஎச்எஸ் என்று தனித் திட்டங்கள். இசிஎச்எஸ் 2003 ஏப்ரலில் வந்தது. சிஜிஎச்எஸ் வசதி இல்லாத இடத்தில் குடியிருக்கிற மத்திய அரசு ஓய்வூதியருக்கு மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப் படி உண்டு. வாங்காதவர்கள் உங்கள் ஓய்வூதியம் வருகிற வங்கியிலோ அஞ்சலகத்திலோ விசாரியுங்கள். அதற்கு மேல் இன்றைக்கு அந்தப் பக்கம் போகவில்லை, நேரம் போதாது.

இப்போது ஆடு மேய்க்கிற அந்தப் பெரியவர் சொன்ன ஐந்து லட்சம். அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இதற்கு முன்னோடி 2009 ஜூலையில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம். பிறகு 2012 ஜனவரி 11-ல் இப்போதைய பெயரில் வந்தது. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தபோது தொகை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ஆனது. இது வருடா வருடம் நிரம்புகிற கண்மாய். நம்ம ஊரில் அப்படி ஒரு கண்மாயை நாம் பார்த்ததில்லை என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. ஆனால் கணக்கு அதுதான். குடும்பம் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000-ஆக இருந்தது. அப்போது "வருமானம் கூட"ன்னு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னும் அதே நினைப்பில் உட்கார்ந்திருந்தால், எழுந்து ஒரு தடவை கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். அவரிடம் வருமானச் சான்று, பிறகு குடும்ப அட்டை, ஆதார். இவற்றை எடுத்துக்கொண்டு விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள். வயது வரம்பு கிடையாது. 80 வயதிலும் சேரலாம். "எனக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கே, சேர்ப்பாங்களா?" என்று ஒரு பாட்டி கேட்டார். சேர்ப்பார்கள். தனியார் காப்பீட்டில் பழைய நோய்க்கு இத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று விதி வைப்பார்கள்; இதில் அது இல்லை.

இந்தத் திட்டத்தில் வயதானவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் குடும்ப அட்டை. மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போகிறான். கல்யாணம் ஆனதும் தனி ரேஷன் கார்டு எடுக்கிறான். அம்மாவின் பெயரைத் தன் அட்டையில் சேர்க்கிறானா, ஊரிலேயே விட்டுவிடுகிறானா என்று யாரும் பேசுவதில்லை. பெயரை இங்கே நீக்கி அங்கே சேர்க்காமல் விட்டால் அந்த அம்மா எந்தக் குடும்பத்திலும் இல்லாதவராகிவிடுவார். காப்பீட்டில் குடும்பம் என்பது குடும்ப அட்டையில் இருக்கிற குடும்பம். நரிக்குடிப் பக்கம் தனியாக இருக்கிற எந்தப் பாட்டியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, "பாட்டி, உங்க பேரு எந்தக் கார்டுல இருக்கு?" என்றுதான். பொங்கலுக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகள் கரும்பு வெட்டிய கையோடு இதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் போதும். பதிவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

70 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒன்று. வருமானம் பார்க்காமல் 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் என்று ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 29-ல் ‘வய வந்தனா’ அட்டையைத் தொடங்கியது. வாட்ஸ்ஆப்பில் அதற்கென்று ஏகப்பட்ட இணைப்புகள் சுற்றுகின்றன. கண்ட இணைப்பைத் தொட்டு ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கொடுக்காதீர்கள். நீங்கள் சிகிச்சைக்குப் போக நினைக்கிற மருத்துவமனையில் அந்த அட்டை செல்லுமா என்று மேலே சொன்ன காப்பீட்டு மையத்தில் கேட்டுவிட்டு அப்புறம் பதியுங்கள். எந்த அரசு காப்பீட்டுக்கும் யாரும் ஃபோனில் கூப்பிட்டு ஓடிபி கேட்கமாட்டார்கள்.

சரி, அட்டை கையில் இருக்கிறது. மருத்துவமனையில் என்ன நடக்கும்?

ஓய்வூதியர் திட்டமானாலும் சரி, முதலமைச்சர் திட்டமானாலும் சரி, ரொக்கமில்லாச் சிகிச்சை என்பது அங்கீகரித்த மருத்துவமனையில், அங்கீகரித்த சிகிச்சைக்கு. ஒரு மருத்துவமனை பட்டியலில் இருந்தாலும் எல்லாச் சிகிச்சைக்கும் அது பட்டியலில் இருக்கும் என்று அர்த்தமில்லை. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. அதனால் "இன்சூரன்ஸ் எடுப்பீங்களா?" என்று பொதுவாகக் கேட்காமல், "இந்த ஆபரேஷனுக்கு, இந்த அட்டையில் எடுப்பீங்களா?" என்று கேட்க வேண்டும். திட்டமிட்ட சிகிச்சை என்றால் மருத்துவமனை முன்அனுமதி வாங்கிய பிறகுதான் வேலை தொடங்கும். சேர்க்கிற அன்றைக்கே அட்டையைக் காட்டுங்கள். பாதிச் சிகிச்சை முடிந்து பில் வந்த பிறகு பையிலிருந்து அட்டையை எடுத்தால் எல்லோருக்கும் சிக்கல். கண்புரை போன்ற சிலவற்றுக்குத் தனி உச்சவரம்பு உண்டு. "இது போக நான் கையிலிருந்து கட்ட வேண்டியது இருக்கா?" என்பதையும் முன்னாலேயே கேளுங்கள், பதிலை எழுதி வாங்க முடிந்தால் நல்லது.

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் பட்டியல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அப்போது பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும், 108-ஐக் கூப்பிடுங்கள். ஓய்வூதியர்கள் அப்படிப் பட்டியலில் இல்லாத இடத்தில் அவசரச் சிகிச்சை எடுத்தால், பணத்தைத் திரும்பக் கேட்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு பில்லும், டிஸ்சார்ஜ் சம்மரியும் அசலாக வேண்டும். சாலை விபத்து என்றால் இன்னொரு திட்டமும் இருக்கிறது. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையைத் தினமும் குறுக்கே கடக்கிற ஊர் நமக்கு. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எந்த அட்டையும் தேவையில்லை.

அரசு மருத்துவமனையிலும் காப்பீட்டு அட்டை செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறீர்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் பக்கம். "கார்டை வச்சு பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிதான் போகணும்" என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அங்கேதான் போகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கடைசியாக, காப்பீடு எதைத் தராது என்பது. ஓய்வூதியர் திட்டமும் முதலமைச்சர் திட்டமும் உங்கள் மாதாந்திர மாத்திரைக்குப் பணம் தராது. முதுமையில் பணம் சொட்டுச் சொட்டாகப் போவது அதில்தான். அரசு ஓய்வூதியர்களுக்கு மாதம் 300 ரூபாய் மருத்துவப்படி வருகிறது. இன்றைய மருந்து விலைக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய திட்டம். ஓய்வூதியம் வாங்குகிறவரும் சேரலாம், வீட்டுக்கே வந்து தருவார்கள். "நமக்கெல்லாம் எதுக்கு, இல்லாதவங்க வாங்கட்டும்" என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால், ஐந்து லட்சத்தில் கை வைக்காமலே நான்கு வருடத்தை ஓட்டியிருக்கக் கூடியவர்கள் எத்தனையோ பேர்.

நான் பேச வேண்டியது அவ்வளவுதான். பக்கத்து மேசையில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்ப அட்டை, ஆதார், ஓய்வூதியப் புத்தகம், எது கொண்டுவந்திருக்கிறீர்களோ அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஓடிபி வரும், அதை நீங்களேதான் பார்த்துப் போட வேண்டும். மில்லில் ஓய்வு பெற்ற அண்ணாச்சிகள் முதலில் வாங்க. உங்கள் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிடலாம்.